மீனம்பாக்கம் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை

வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். மீனம்பாக்கத்தில் பன்னாட்டுப் புறப்பாட்டு வாசலில் நிற்கும் காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, டிக்கெட்டைப் பார்த்து, முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போகிறவரை மட்டும் உள்ளே விடுகிறார். வேன் பிடித்துப் பத்துப் பேர் வந்திருந்தாலும் அவ்வளவுதான். வெளிநாடு என்னவோ கடல் தாண்டித்தான் இருக்கிறது. தனிமை இந்த வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் தடவை தனியாக வெளிநாடு கிளம்பும் பெண்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுவதைவிட, போகிறவர்களோடு போய்விடுவது உத்தமம் என்று கோலாலம்பூர் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன். நம்மூர்ப் பெண்களுக்கு அது கொஞ்சம் அணுக்கமான வெளிநாடு. நாலு மணி நேரப் பயணம். இறங்கினால் தமிழ் காதில் விழும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே முப்பது நாள் வரை தங்கலாம். இரவு கிளம்பும் விமானத்தைத் தேடி எடுத்ததற்கும் காரணம் உண்டு. பதினொன்றரை வாக்கில் ஏறினால் அங்கே விடியும் நேரத்தில் இறங்கும். தெரியாத ஊருக்குள் வெளிச்சத்தோடு நுழைவது பாதிக் கவலையைக் குறைத்துவிடும்.

செக்‑இன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பாபநாசம் பக்கத்துக் கிராமம். மகளுக்குக் கிள்ளானில் பிரசவம், மாதம் ஆகிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் மேலாக இருந்த தாளில் மருமகன் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: நான் என் மகளின் பிரசவத்துக்காக வந்திருக்கிறேன், எனக்கு ஆங்கிலம் தெரியாது, தயவுசெய்து இந்த எண்ணுக்குப் பேசவும். அதன்கீழ் அதையே ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தார். கெட்டிக்காரர். போகவர டிக்கெட், மகளின் வீட்டு முகவரி, மருமகனின் கம்பெனிக் கடிதம் எல்லாம் வரிசைப்படி அடுக்கியிருந்தன.

அந்த அம்மாவின் கவலை காகிதத்தில் இல்லை, தோள்பையில் இருந்தது. பிரசவ லேகியம், இரண்டு எவர்சில்வர் டப்பா நிறைய. "இத பிடுங்கி வச்சுக்குவாங்கன்னு சொல்றாங்களே, நெசமாம்மா?" என்றார். பிடுங்கத்தான் செய்வார்கள். கைப்பையில் குழைவான பொருள் எதுவாக இருந்தாலும் நூறு மில்லிக்கு மேல் அனுமதியில்லை. லேகியமும் அதில் சேர்த்தி. அங்கேயே தரையில் உட்கார்ந்து பெரிய பெட்டியின் கயிற்றை அவிழ்த்தோம். கருப்பட்டி, சுக்கு, பழம்புடவை கிழித்த துணிகள், பிறக்கப் போகும் பிள்ளைக்கு வசம்பு வளையல். இரண்டு டப்பாவையும் துணிக்கு நடுவே சொருகி மறுபடி கட்டினோம். இதே அம்மா துபாய்க்குப் போவதாக இருந்தால் பெட்டியில் கசகசா இருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்; அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். சமையலறைச் சாமானை எல்லாம் அந்தந்த நாட்டின் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருப்பது, பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் நம் அம்மாக்களுக்கே வாய்த்த தலைவலி.

கவுன்டரில் இருந்த பெண் "எம்டாக் போட்டாச்சா?" என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். மலேசியாவுக்கான மின்னணு வருகை அட்டை அது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் ஏறக்குறைய எல்லோருக்கும் கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் அது வேறு யாரோ வைத்திருக்கும் கடை. மருமகன் எல்லாம் அடுக்கியவர் இதை மட்டும் விட்டிருந்தார். பின்னால் நின்ற ஓசூர்ப் பெண் ஒருத்தி, கணினி வேலை, முதல் தனிப் பயணம், தன் போனை எடுத்து "குடுங்க ஆன்ட்டி, நான் போடுறேன்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். மின்னஞ்சல் முகவரி கேட்டபோது தன்னுடையதையே போட்டுவிட்டாள். அன்றிரவு நான் பார்த்த உருப்படியான பாதுகாப்பு ஏற்பாடு அதுதான் என்பேன்.

இமிக்ரேஷன் வரிசையில் காற்று மாறுகிறது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துக் கவுன்டரில் இருபத்தைந்துக்கு உட்பட்ட ஒரு பெண், புதுச் சுடிதார், புதுக் கைப்பை. அவள் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக அந்த வகைதான் கிடைக்கும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அந்தப் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு என்றால் பெண்ணுக்கு முப்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு முகமை வழியாகத்தான் போகவும் முடியும். சுற்றிப் பார்க்கப் போகிறவரைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு என்பது கவுன்டருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

"எதுக்கும்மா மலேசியா?"

"சுத்திப் பாக்க சார்."

"எந்தெந்த எடம்?"

"பத்துமலை."

"அப்புறம்?"

அவளிடம் அப்புறம் இல்லை. யார் டிக்கெட் போட்டது, ஹோட்டலுக்கு யார் பணம் கட்டியது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேள்விகள் தொடர்ந்தன. அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. அதிகாரி சத்தம் போடவில்லை. எழுந்து, ஓரமாக இருந்த அறையைக் காட்டினார். என் முத்திரை விழுந்துவிட்டது. நான் நகர வேண்டியதாயிற்று. விமானத்தில் ஏறிய பிறகு இருக்கை வரிசைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புதுச் சுடிதாரைக் காணவில்லை.

எனக்கு இதில் இரண்டு மனம். அந்தக் கேள்விகள் ஒரு வீட்டில் அடைபட்டு, பாஸ்போர்ட்டையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டுச் சம்பளம் இல்லாமல் கிடப்பதிலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கலாம். அப்படிக் கிடந்து திரும்பியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நானும் அதே விமானத்துக்கு, அதே காரணம் சொல்லித்தான் நின்றேன். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். என் பட்டப்படிப்பு எனக்கு முன்னால் போய் வழி திறந்துவிட்டது. தனியாகப் போகும் பெண் என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுதுகிறவர்கள் அந்த வரிசையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு எழுதலாம்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று மட்டும். பெட்டி எடையைக் காரணம் காட்டி, ஒரு பொட்டலத்தைக் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், கேட்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. போதைப்பொருளுக்குக் கட்டாயமாக விதித்துவந்த மரண தண்டனையை மலேசியா 2023-இல் நீக்கியது. விதிக்கும் அதிகாரம் இன்னும் நீதிபதியிடம் இருக்கிறது. தனியாக வரும் பெண்ணைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கடத்தல்காரர்கள் அவளைத் தேடி வருகிறார்கள்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு வரிசை நீளமாக இருந்தது. இங்கே உள்ள பயத்துக்கு மூன்று எழுத்து: என்டிஎல். தரையிறங்க அனுமதியில்லை என்று முத்திரை குத்தி, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவது. திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றில் ஒன்று சரியாக இல்லாவிட்டாலும் இது நடக்கலாம். ஆண்களுக்கும் நடக்கிறது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டு ஊருக்கு வரும் பெண்ணை வீட்டில் என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அவள் வரிசையில் நிற்கிறாள். ஓசூர்ப் பெண் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருந்தாள். "போன்ல இருக்குன்னு காட்டப் போய், அந்த நேரம் பாத்து சார்ஜ் போயிடுச்சுன்னா?" என்றாள். அந்த அம்மா உறையை அப்படியே நீட்டினார். அதிகாரி, முக்காடு போட்ட மலாய்ப் பெண், தாளைப் படித்துவிட்டுத் தன் வயிற்றுக்கு முன் கையை வளைத்துக் காட்டி, கண்ணால் கேட்டார். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். முத்திரை விழுந்தது.

வெளியே மருமகன் நின்றிருந்தார். அம்மா போய்விட்டார். ஓசூர்ப் பெண்ணும் நானும் நகரத்துக்கு ரயில் பிடித்தோம். முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், 55 ரிங்கிட். பஸ்ஸில் போனால் அதைவிட வெகு குறைவு, நேரம் கூடுதல். வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று பக்கத்தில் வந்து முணுமுணுப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடப்பதே வசதி. செயலியில் கார் கூப்பிட்டால் வண்டி எண்ணைப் பார்த்து, "யாருக்கு வண்டி?" என்று ஓட்டுநரையே நம் பெயரைச் சொல்ல வைத்து ஏறுவது அவள் பழக்கம். நம் பெயரை நாமே முந்திக்கொண்டு சொல்லக்கூடாதாம். நல்ல யோசனை.

அவளுக்கே சோதனை ஹோட்டலில் காத்திருந்தது. கார்டு வேலை செய்யவில்லை. 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். திறக்கப் போனால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி வரும் இந்தியச் சிம்மைக் கழற்றிவிட்டு விமான நிலையத்தில் வாங்கிய மலேசியச் சிம்மைப் போட்டிருந்தாள். பழைய சிம்மைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தபோது அவள் விரல்கள் நடுங்கின. திருடனும் வரவில்லை, குடிகாரனும் வரவில்லை; ஆறு இலக்க எண் வரவில்லை, அதற்கே அப்படி. சிம் கிடைத்தது. எண் வந்தது. அவள் போட்டிருந்த பட்டியலில் இந்தப் பயம் இல்லவே இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்தவர் வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரியாக ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு, "ஒருத்தர்தானா?" என்று கேட்டார். பதில் சொன்ன பிறகு மறுபடியும் கேட்டார். அடுத்து, பக்கத்தில் நாலு ஆண்கள் நிற்கும்போது என் அறை எண்ணை உரக்கச் சொன்னார். வேறு அறை கேட்டேன், எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். அவருக்கு அது வினோதமாகப் பட்டிருக்கலாம், தந்தார். அறைக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து, புகை உணரி, கடிகாரம், சுவரில் உள்ள பிளக் துளை என்று மறைகேமரா தேடினேன். எனக்கே சிரிப்பு வந்தது. கண்ணில் படும்படி யார் வைக்கப் போகிறார்கள்? கதவடியில் சொருகும் ரப்பர் ஆப்பு அதைவிட மேல். தாழ்ப்பாளை நம்பாதவருக்கு அது நல்ல தூக்கம் தரும்.

பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரலை ஒட்டிய தமிழர் பகுதி. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, புடவைக் கடை, வாழையிலைச் சாப்பாடு, பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள். ஊர் போலத்தான் இருக்கிறது. அதில்தான் சங்கடமும். வேற்று நாட்டில் நம் தாலியையும் மெட்டியையும் யாருக்கும் அடையாளம் தெரியாது, அது ஒரு விடுதலை. இங்கே எல்லோருக்கும் தெரியும். "தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் வரலியா?" என்று இட்லி வைத்தவர் கேட்டார், தண்ணீர் வைத்தவரும் கேட்டார். வீட்டுக்காரர் அறையில் தூங்குகிறார் என்று சொல்லிவிடும்படி தனியாகப் பயணம் போகும் தோழிகள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய் பெரும்பாலும் பலிக்கும். மசாலா தோசைக்கு நடுவே அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூக்கடை அக்கா வேறு மாதிரி. "பசியாறியாச்சா?" என்றுதான் தொடங்கினார். மலேசியத் தமிழில் அது காலைச் சாப்பாடு பற்றிய கேள்வி. முல்லைச் சரம் எவ்வளவு என்றதற்கு வெள்ளிக் கணக்கில் சொன்னார். ரிங்கிட் அங்கே தமிழர் வாயில் வெள்ளிதான். என் கைப்பை தொங்கிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டுப் பக்கம் மாட்டாதீங்க லா. மோட்டார்ல வருவான், இழுப்பான், நீங்களும் சேர்ந்து விழுவீங்க" என்றார். இழுத்தால் விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் போதனை. அதனால்தான் பாஸ்போர்ட் பையில் இருக்கக்கூடாது. தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு மோண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகம், அவசரச் சான்று. அந்தச் சான்று இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் உதவும். பாக்கிப் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

பூக்கடை அக்காவின் அம்மா ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி, கைக்குழந்தையோடு தனியாகப் பினாங்கு வந்தவராம். 1926-இல் கட்டிய கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். "பக்கத்துல படுத்திருந்த பொம்பளைங்கதான் புள்ளையப் பாத்துக்கிட்டாங்களாம். எறங்கும்போது அழுதுக்கிட்டுப் பிரிஞ்சாங்களாம். அதுக்கப்புறம் ஒருத்தரையும் பாக்கலே" என்றார், சரத்தை முழம் போட்டுக்கொண்டே.

மறுநாள் பத்துமலைக்குக் கொம்யூட்டர் ரயில். ஆறு பெட்டியில் நடுவில் உள்ள இரண்டு பெண்களுக்கு மட்டும். 2010-இல் தொடங்கிய ஏற்பாடு. எம்ஆர்டி ரயிலிலும் பிறகு ஒரு பெட்டி வந்தது. பிளாட்பாரத்தில் அந்தப் பெட்டிகள் நிற்கும் இடத்தில் இளஞ்சிவப்புப் பலகை இருக்கிறது. கதவிலும் அதே நிறத்தில் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏறினால் பள்ளிச் சீருடையில் இரண்டு மலாய்ச் சிறுமிகள், மருந்துச்சீட்டை விசிறியாக வீசிக்கொண்டிருந்த சீனக் கிழவி, மடியில் தேங்காயும் வாழைப்பழமுமாக ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். காலை நீட்டி உட்காரலாம். கண்ணை மூடலாம். அடுத்த நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள், வெளிநாட்டுக்காரர்கள் போல. சீனக் கிழவி விசிறியை நிறுத்தி, பலகையைக் காட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை. சிறுமிகளில் ஒருத்தி எழுந்து போய் ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்கள். கிழவி மறுபடி வீசத் தொடங்கினார்.

தனிப்பெட்டி தேவையா, எல்லாப் பெட்டியிலும் ஒழுங்காக இருக்கச் சொல்ல வேண்டியதுதானே என்ற வாதம் எனக்குத் தெரியும். மலேசியா 2022-இல் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் தொல்லை நடந்த பிறகு வருகிறது. பெட்டி, ஏறும்போதே இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் நான் பெட்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பத்துமலையில் 272 படி. 42.7 மீட்டர் உயர முருகன். முட்டி தெரிய உடுத்தி வரும் பெண்களுக்கு வாசலில் துணி வாடகைக்குத் தருகிறார்கள். குரங்குகள் ஆண் பெண் பார்ப்பதில்லை; எல்லோரிடமும் பிடுங்குகின்றன.

இரவு பதினொன்று தாண்டி, வேண்டுமென்றே வெளியே போனேன். இருட்டான சந்து வழியாக அல்ல, பெரிய சாலை வழியாக. மாமாக் என்று அங்கே சொல்லும் சாப்பாட்டுக் கடை பகல் போல வெளிச்சமாக இருந்தது. அந்தக் கடைகள் பலவும் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஒரு மேசையில் சீருடையில் மருத்துவமனைப் பெண்கள், இன்னொன்றில் மடிக்கணினியோடு தனியாக ஒருத்தி, ஆறிப்போன ரொட்டி சானாயை ஒரு கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவசர உதவிக்கு 999, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு உதவி எண் 15999 என்று எழுதி வைத்திருந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தபோது எனக்கு உதவியது எண்களைவிட அந்தக் கூட்டம்தான். நள்ளிரவில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு பெண் உட்காரலாம். எந்த ஊரிலும் நான் அதைத்தான் முதலில் தேடுவேன்.

திரும்பும் வழியில் பூக்கடையைச் சாத்திக்கொண்டிருந்த அக்காவிடம், பினாங்குக்கும் போகலாமென்று இருப்பதாகச் சொன்னேன். இரவுப் பஸ் மலிவு என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள்.

"நைட் பஸ் வேண்டாம். எங்கயாவது ரோட்ல நிறுத்துவான், கழிவறை எங்க இருக்குன்னு தெரியாது. சென்ட்ரல்ல காலை ரயில் புடிங்க. பட்டர்வொர்த்ல எறங்கி பெர்ரி."

"ரயில்ல பக்கத்து சீட்ல யார் வருவாங்களோ."

"யார் வேணா வரட்டும் லா. ஜன்னல் சீட்டு மட்டும் எடுக்காதீங்க. எழுந்து போறதுக்கு வழி நம்ம பக்கம் இருக்கணும்."

நான் எப்போதும் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்குகிறவள். மறுநாள் டிக்கெட் முகப்பில் நடைபாதை ஓரம் கேட்டேன். ஒன்று இருந்தது.